தன்னை எண்ண மறந்தவர்கள்: வீரமாமுனிவரின் உரைநடையும் விசுவாசக் காவலும்

விசுவாசத்தைக் காத்தல் என்றவுடன் நம் உள்ளத்தில் பெரும்பாலும் ஒரு கோட்டையின் தோற்றமே எழுகிறது. மதிலுக்கு வெளியே தப்பறை; உள்ளே உண்மை. வாயிலில் விழிப்பாக நின்றால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் பழுதற்றது என்னும் எண்ணம் நம் பங்குகளில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஒரு குடும்பம் கோவிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டு வேறொரு செபக்கூட்டத்துக்குச் செல்லத் தொடங்கினால், அவர்கள் வழி தவறிவிட்டதாக வருந்துகிறோம். அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் அவர்கள் நம்மோடு இருந்த காலத்தில் நம்மிடம் எதைத் தேடினார்கள், எதைக் காணாமல் போனார்கள் என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

நம் ஆண்டவர் தம் சீடரை எச்சரித்த முறை வேறு. போலி இறைவாக்கினர் ஆட்டுத் தோலைப் போர்த்துக்கொண்டு வருவர் என்றார் அவர் (மத்தேயு 7). ஆட்டுத் தோல் மந்தைக்குள் நுழையவே பயன்படும். மந்தைக்கு வெளியே அதற்கு வேலை இல்லை. தூய பவுல் எபேசு நகர மூப்பர்களிடம் விடைபெற்றபோது, ஓநாய்கள் வந்து நுழையும் என்று சொன்னதோடு நில்லாமல், அவர்கள் நடுவிலிருந்தே உண்மையைத் திரித்துப் பேசுவோர் எழுவர் என்றும் சொன்னார் (திருத்தூதர் பணிகள் 20). ஆகவே தவறான போதனையும் வெளிவேடமும் தொடர்பற்ற இரு தீமைகள் அல்ல. ஒன்று மற்றொன்றுக்கு வாயில் திறந்துவிடுகிறது.

இவ்விரு தீமைகளையும் குறித்துத் தமிழில் விரிவாக எழுதிய முன்னோர் ஒருவர் நமக்கு உண்டு. அவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் பிறந்து, இயேசு சபைக் குருவாக மதுரை மிஷனில் பணியாற்றி, 1747இல் மறைந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி அடிகளாரை நாம் 'தேம்பாவணி'க்காகவும் 'சதுரகராதி'க்காகவும் 'தொன்னூல் விளக்க'த்துக்காகவும் போற்றுகிறோம். விழா மேடைகளில் அவருக்கு மாலை சூட்டுகிறோம். அவருடைய உரைநடை நூல்களோ நூலகங்களில் உறங்குகின்றன. நம் புதுவை நகருக்கும் அந்நூல்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஜென்மராக்கினி மாதா கோவிலைச் சேர்ந்த அச்சுக்கூடமே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவருடைய நூல்கள் பலவற்றுக்கு அச்சுருவம் தந்தது. 1851ஆம் ஆண்டு முதல் 'தேம்பாவணி' வெளிவந்ததும் புதுவையிலிருந்துதான். எனவே அவ்வுரைநடை நூல்களைத் திறனாய்வு நோக்கில் மீண்டும் அணுகுவது புதுவை வாசகர்க்கு ஒரு கடனும் ஆகும்.

மறுப்பின் வழி

முனிவரின் சமய உரைநடையை மூன்று வகையாகக் கொள்ளலாம். முதலாவது மறுப்பு. 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்', 'லுத்தர் இனத்தியல்பு' ஆகியவை இவ்வகையின. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதும், அங்கே அச்சகம் நிறுவியதும், 1715ஆம் ஆண்டளவில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்ததும் நாம் அறிந்த வரலாறு. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்நூல்கள் தஞ்சைச் சிற்றூர்கள் வரை பரவின. தரங்கம்பாடியார் கத்தோலிக்கத் திருச்சபையைக் குறை கூறி வெளியிட்ட நூலுக்கு விடையாகவே 'பேதகம் மறுத்தல்' எழுந்தது.

இந்நூல்களின் சிறப்பை மறுப்பதற்கில்லை. வாதத்துக்கு ஏற்ற உரைநடை தமிழில் அரிதாயிருந்த காலத்தில், எதிர்க்கருத்தை எடுத்துரைத்து, அதைப் பகுத்து, ஒன்றன்பின் ஒன்றாக விடை கூறும் நடையை முனிவர் வளர்த்தார். திருச்சபை என்றால் என்ன, அருளடையாளங்கள் எவை, புனிதரை வணங்குவதன் பொருள் யாது என்பவற்றைப் பொதுமக்கள் அறியும் தமிழில் விளக்க முயன்றார். கோட்பாட்டைத் தெளிவாகச் சொல்வது அன்பின் செயல்களுள் ஒன்று. மயக்கத்தில் விட்டுவிடுவது அன்பாகாது. இவ்வகையில் அவர் செய்தது சரியே.

ஆனால் குறையும் உண்டு. எதிரியின் கருத்தோடு எதிரியையும் சேர்த்தே இகழும் போக்கு இந்நூல்களில் மிகுதி. அது அந்நூற்றாண்டின் வழக்கம். ஐரோப்பாவில் இரு தரப்பாரும் அப்படித்தான் எழுதினர். தரங்கம்பாடியாரின் விவிலியத் தமிழை முனிவர் கடுமையாக எள்ளி நகையாடினார். மொழி வல்லார் என்ற முறையில் அவர் கண்ட பிழைகள் பலவும் பிழைகளே. இருப்பினும் அந்த எள்ளலோடு வரலாறு நின்றுவிடவில்லை.

ராஜநாயக்கன் என்னும் போர்வீரரை இங்கே நினைவுகூர வேண்டும். தாழ்த்தப்பட்ட மக்களுள் ஒருவர்; கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் அடங்கிய தரங்கம்பாடி அச்சு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்து, 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்து, பின்னர் தஞ்சைப் பகுதியில் அச்சபையின் உபதேசியாராக உழைத்தார். அவரை இழுத்துச் சென்ற நூல் எது? நாம் தமிழ் சரியில்லை என்று நகைத்த அதே நூல். பசித்தவனுக்குப் பக்கத்து வீட்டார் வேகாத சோறு இட்டபோது, சோறு வேகவில்லை என்று குறை கூறியது நம் தரப்பு. ஆனால் நம் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா? அச்சில் ஒரு தமிழ்ப் புதிய ஏற்பாடு கத்தோலிக்கர் கையில் சேர அதன் பின்னும் நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மறுப்பினால் மட்டும் ஒரு விசுவாசத்தைக் காத்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒழுக்கத்தின் வழி

இரண்டாம் வகை 'வேதியர் ஒழுக்கம்'. மறுப்பு நூல்கள் எழுந்த அதே காலப்பகுதியில், 1720களின் பிற்பகுதியில், அதே கரம் எழுதிய நூல் இது. இங்கே வேதியர் என்பது உபதேசியாரைக் குறிக்கும். அக்கால மிஷனில் குருவானவர் ஒரு சிற்றூருக்கு ஆண்டுக்கு ஓரிரு முறையே வர இயன்றது. மற்ற நாள்களில் செபம் சொல்லிக் கொடுத்தவர், சாவுத் தறுவாயில் இருந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தவர், நோயாளியின் அருகே அமர்ந்தவர், இறந்தோரை அடக்கம் செய்தவர் உபதேசியாரே. ஊர் மக்களுக்குத் திருச்சபையின் முகம் அவருடைய முகம்தான்.

ஆகவே முனிவர் அவரை நோக்கி எழுதுகிறார். தலைப்பைக் கவனியுங்கள். வேதியர் அறிவு என்றோ வேதியர் திறமை என்றோ அவர் பெயரிடவில்லை. ஒழுக்கம் என்றே பெயரிட்டார். பிறரை மீட்பின் வழியில் நடத்துகிறவன் முதலில் தன் உள்ளத்தைச் சோதிக்க வேண்டும், தான் போதிப்பதைத் தானே வாழ வேண்டும், ஆன்மாக்களின் மீது அன்பு கொள்ள வேண்டும் என்பதே நூலின் நெடுகிலும் ஒலிக்கும் கருத்து. மறுப்பு நூல்களில் கேட்ட எள்ளற்குரல் இங்கே இல்லை. தந்தை மகனுக்குச் சொல்லும் கனிவும், சில இடங்களில் தந்தைக்கே உரிய கண்டிப்பும் உண்டு. தமிழ் உரைநடையாகக் கொண்டாலும், முனிவரின் நூல்களுள் இதற்கு உயர்ந்த இடம் கொடுக்கலாம்.

இவ்விரு வகை நூல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் முனிவரின் முழு நோக்கம் புலனாகும். தரங்கம்பாடியாரின் வாதத்துக்கு விடை எழுதிய அவரே, அவ்விடையை ஊருக்குக் கொண்டுபோகும் உபதேசியாரின் வாழ்வு சரியில்லாவிட்டால் விடை வீண் என்பதை உணர்ந்திருந்தார். நம் சமூகமோ இரண்டில் ஒன்றையே எடுத்துக்கொண்டது. பதிதரை வாதில் வென்ற வீரர் என்று அவரைக் கொண்டாடியது. 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு முனிவரைப் பல்லக்கிலும் பட்டாடையிலும் காட்டுகிறது. அதிலுள்ள செய்திகள் பலவற்றைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஐயுற்றனர். எனினும் மக்கள் மனத்தில் நின்றது அப்பல்லக்குதான். உபதேசியாருக்கு முனிவர் எழுதிய அறிவுரை மறைந்தது.

நகையின் வழி

மூன்றாம் வகை நகைச்சுவை. 'பரமார்த்த குருவின் கதை'யைச் சிறுவர் கதையாக மட்டுமே நாம் அறிவோம். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டார். அதன்பின் உலக மொழிகள் பலவற்றுக்கும் அது சென்றது. குருவும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடக்கும் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை.

ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்து, அஞ்சி அஞ்சிக் கடந்து, மறுகரை சேர்ந்தபின் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணுகிறான். ஐவரே தேறுகின்றனர். வேறொருவன் எண்ணுகிறான், அவனும் தன்னை விட்டுவிடுகிறான். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுது, ஆற்றைச் சபிக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி போட்டு, அடிபட்டவன் தன்னை எண்ணிச் சொல்லும்படி செய்கிறான். அறுவரும் இருப்பது அப்போதுதான் தெரிகிறது.

இக்கதையை முனிவர் எவரைக் குறிவைத்து எழுதினார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூடக் குருக்களை எள்ளியது என்பர் சிலர். மொழி கற்போர்க்காக எளிய நடையில் செய்தது என்பர் வேறு சிலர். எதுவாயினும், சமயப் போதகரும் அவர்தம் சீடரும் எங்கே தவறுகின்றனர் என்பதை இதைவிடச் சுருங்கச் சொன்ன கதை நம் மொழியில் அரிது. அவர்கள் அறுவருக்கும் எண்ணத் தெரியும். கணக்கில் பிழை இல்லை. கணக்கிடுகிறவன் கணக்குக்கு வெளியே நின்றுவிட்டான், அதுவே பிழை. பழியோ ஆற்றின்மேல் விழுந்தது.

வெளிவேடம் என்பதன் இயல்பும் இதுவே. நற்செய்தியில் பரிசேயரை நோக்கி ஆண்டவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல் கூத்தனைக் குறிப்பது. சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு அதை 'மாயக்காரர்' என்றது. பொதுமொழிபெயர்ப்பு 'வெளிவேடக்காரர்' என்கிறது. பின்னது மூலத்துக்கு நெருக்கமானது. மாயக்காரன் பிறரை ஏமாற்றுகிறான்; வேடம் பூண்டவனோ நாளடைவில் தன் வேடத்தையே தன் முகம் என்று நம்பிவிடுகிறான். பிறர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க முனைகிறவனுக்குத் தன் கண்ணிலுள்ள மரக்கட்டை தெரியாமற்போவது அதனால்தான்.

அந்தியோக்கியாவின் பந்தி

வெளிவேடம் ஒழுக்கக் குறை மட்டுந்தானே, அதைத் தவறான போதனை என்று எப்படிச் சொல்லலாம் என்று சிலர் கேட்கலாம். இவ்வினாவுக்குத் தூய பவுல் கலாத்தியருக்கு எழுதிய மடலின் 2ஆம் அதிகாரம் விடை தருகிறது. பேதுரு அந்தியோக்கியாவில் பிற இனத்து விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். மற்ற யூதரும் அவரைப் பின்பற்றினர். பர்னபாவும் அதில் அகப்பட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார்.

இங்கே பேதுரு எந்தத் தப்பறையையும் போதிக்கவில்லை. வாய் திறந்து ஒரு சொல்லும் பிழையாகச் சொல்லவில்லை. பந்தியில் தம் இடத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவே. ஆயினும் பவுல் அச்செயலை வெளிவேடம் என்றார்; நற்செய்தியின் உண்மைக்கு ஒவ்வாத நடை என்றார். கிறிஸ்துவில் அனைவரும் ஒன்று என்று வாய் போதிக்க, அனைவரும் ஒன்றல்ல என்று பந்தி போதித்தது. பந்தியின் போதனையே மக்கள் உள்ளத்தில் ஆழமாகப் பதியும் என்று பவுல் அறிந்திருந்தார். பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் கால்மணைப் பக்கமும் காட்டும் சபையை யாக்கோபு கண்டித்ததும் (யாக்கோபு 2) இக்காரணத்தாலேயே. இருக்கை ஒழுங்கும் ஒரு மறைக்கல்விதான்.

புதுவையின் சுவர்

இவ்வளவுகோலைக் கையில் ஏந்தி நம் நகரின் வரலாற்றைப் பார்ப்போம். திருத்தந்தையின் தூதர் சார்ல்ஸ் மெய்யார் தெ தூர்னோன் 1703 நவம்பரில் புதுவை வந்தார். எட்டுத் திங்கள் இங்கே தங்கி, 1704 ஜூனில் 16 விதிகள் கொண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். 'மலபார் சடங்குகள்' பற்றிய விவாதம் என வரலாறு குறிப்பிடுவது இதனையே. தாலி, திருநீறு, திருமுழுக்குச் சடங்கு என்று பலவும் அதில் பேசப்பட்டன. அவற்றுள் சில, நம் பண்பாட்டை அறியாத அயலாரின் கண்டிப்புகள் என்று இன்று நாம் கருதலாம். ஆனால் ஒரு விதி வேறு வகையானது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் நோயுற்றுக் கிடக்கும்போது, குருக்கள் அவர்கள் இல்லங்களுக்கே சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்றது அது. சேரிக்குள் நுழையும் குருவை மற்றச் சாதியினர் ஏற்கமாட்டார்கள் என்பது மிஷனரிமாரின் விளக்கம். அச்சம் உண்மையானதே, அந்தியோக்கியாவில் பேதுரு கொண்ட அச்சமும் உண்மையானதே.

நாற்பது ஆண்டு வாதத்துக்குப் பின், 1744இல் பதினான்காம் பெனடிக்ட் திருத்தந்தை தீர்ப்பு வழங்கினார். தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனியே குருக்களை ஒதுக்குவதாக இயேசு சபையார் முன்வைத்த வழி ஏற்கப்பட்டது. நோயாளிக்கு அருளடையாளம் கிடைத்தது, பிரிவும் நீடித்தது. மக்களிடையே இருந்த கோடு குருக்களிடையேயும் வரையப்பட்டது. மதுரை மிஷனில் பணியாற்றிய வீரமாமுனிவரும் இம்முறைகளுக்குள் நின்றவரே என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டே புதுவையில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதை எழுதி வைத்தவர் கிறிஸ்தவர் அல்லர். நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை. மக்கள் சம்பா கோவில் என்று வழங்கும் இயேசு சபையாரின் ஆலயத்தின் உட்புறத்தில், வடபக்கம் ஒரு சுவர் இருந்தது. அதற்கு அப்பால் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர். இப்பால் மற்றச் சாதியினரும் ஐரோப்பியரும். 1745 அக்டோபரில் தாழ்த்தப்பட்ட மக்கள் திரண்டு குருவிடம் சென்றனர். நாங்களும் உம் சீடர் என்றால் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்த வேண்டும், ஆண்டவர் தம்மை வழிபடுவோரிடையே வேறுபாடு காட்டுவதில்லை என்னும் பொருள்பட முறையிட்டனர். குரு அதை ஏற்றுச் சுவரை இடித்துத் தள்ளச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர், குருவோடு வாதிட்டனர், விவகாரம் ஆளுநர் தூப்ளே வரை சென்றது.

இந்நிகழ்ச்சியில் மறைக்கல்வியைச் சரியாகக் கற்றிருந்தவர் யார்? சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களே. நற்செய்தியின் உண்மையை அவர்கள் பிழையறச் சொன்னார்கள். மந்திரங்களையும் செபங்களையும் மனப்பாடமாக அறிந்த மற்றவர்களோ, கட்டளைகள் பத்தையும் ஒப்புவித்துவிட்டுச் சுவரைக் கேட்டார்கள். அவர்களுள் எவரும் தரங்கம்பாடிக்குப் போகவில்லை. தப்பறை எதையும் வாயால் சொல்லவில்லை. பதிதர் பட்டியலில் அவர்கள் பெயர் ஒருபோதும் இடம்பெறாது. ஆயினும் அந்நாளில் புதுவையில் போதிக்கப்பட்ட பெரும் தப்பறை செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுதப்பட்டிருந்தது.

1761இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தபோது அவ்வாலயம் அழிந்தது. மிஷன் வீதியில் இன்று நாம் காணும் பேராலயம் 1791இல் நிறைவுற்றது. கட்டடம் புதிது. சுவரின் நினைவு மட்டும் நம் மறைமாவட்டத்தின் பல ஊர்களில், தனித் தெரு, தனிக் கல்லறை, தனிச் சவ ஊர்வலப் பாதை என்று நெடுங்காலம் நீடித்தது. 2008 மார்ச்சில் நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் நடந்ததை மறக்க முடியுமா? தலித் கத்தோலிக்கர் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டதையொட்டி மோதல் மூண்டது. மார்ச் 9ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இரு தரப்பாரும் ஒரே செபமாலையை உருட்டியவர்கள். ஒரே விசுவாச அறிக்கையைச் சொன்னவர்கள். அவர்களைப் பிரித்தது லுத்தர் அல்லர்.

திருச்சபையின் குரலும் நம் செவியும்

திருச்சபை இதில் மௌனமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. 2003 நவம்பரில் தமிழகப் பகுதி ஆயர்கள் உரோமை சென்றபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கிறிஸ்தவரிடையே நிலவும் சாதி மனப்பான்மை உண்மையான ஆன்மிகத்துக்கே அச்சுறுத்தல் என்றும், நற்செய்திப் பணிக்குப் பெருந்தடை என்றும் வெளிப்படையாக உரைத்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை சாதிப் பாகுபாட்டைக் கடுமையான சமூகப் பாவம் என்றது. போதனை தெளிவாகவே இருக்கிறது. அதைச் சவ ஊர்வலத்தின் பாதையிலும், திருவிழாத் தேரின் வடத்திலும், திருமணப் பேச்சிலும் கொண்டு சேர்ப்பது பொதுநிலையினரின் கையில் உள்ளது. குருக்கள் சுவரை இடித்தபோது எதிர்த்து நின்றவர்கள் பொதுநிலையினரே என்பதை 1745 நமக்குச் சொல்கிறது.

வெளியிலிருந்து வரும் தவறான போதனை கற்பனை என்று நாம் கூறவில்லை. காணிக்கை கொடுத்தால் கடன் தீரும், நோய் தீராவிட்டால் விசுவாசம் போதாது என்று சிலுவையை மறைத்து நற்செய்தி கூறுவோர் இன்று பெருகியுள்ளனர். ஏழையின் துயரத்தின் மீது குற்ற உணர்வையும் ஏற்றிவைக்கும் இப்போதனையை மறுக்கத்தான் வேண்டும். முனிவரின் தெளிவு இங்கே நமக்குத் தேவை. ஆனால் அதே போதனை நம் உடையிலும் உலவுகிறதே! நேர்ச்சையை ஒப்பந்தமாகவும், நவநாளைக் கொடுக்கல் வாங்கலாகவும், திருவிழாச் செலவைக் குடும்பப் பெருமையாகவும் ஆக்கிக்கொள்வோர் நம் பங்குகளில் இல்லையா? பக்கத்துக் கொட்டகையில் கேட்டால் தப்பறை, நம் கொடிமரத்தடியில் கேட்டால் பக்தி என்று இரண்டு படிக்கற்களால் நிறுப்பது நேர்மையாகாது.

மறுப்பு நூல்கள் எழுந்த நூற்றாண்டுக்கும் நம் காலத்துக்கும் இடையே திருச்சபை நெடுந்தொலைவு நடந்துவிட்டது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உழைத்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு நம் கைகளுக்கு வந்தது. 1999 அக்டோபர் 31 அன்று, மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராவது பற்றிய கூட்டறிக்கையில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பினரும் ஆக்ஸ்பர்க் நகரில் கையொப்பமிட்டனர். 'லுத்தர் இனத்தியல்பு' போன்ற நூலை இன்று எவரும் எழுத மாட்டார், எழுதவும் வேண்டியதில்லை. தரங்கம்பாடித் தமிழை எள்ளிய முனிவரின் வழித்தோன்றல்களும் தரங்கம்பாடியாரின் வழித்தோன்றல்களும் ஒரே விவிலியத்தைத் திறந்து வாசிக்கும் காலம் வந்துவிட்டது. கோட்பாட்டு வேறுபாடுகள் மறைந்துவிடவில்லை. அவற்றைப் பேசும் முறை மாறியது.

'வேதியர் ஒழுக்க'மோ காலாவதியாகவில்லை. இன்றைய மறைக்கல்வி ஆசிரியரும், அன்பியப் பொறுப்பாளரும், பங்குப் பேரவை உறுப்பினரும் அந்நூலின் வேதியரே. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை, எல்லாரும் கடவுளின் மக்கள் என்று படித்துவிட்டு வீடு திரும்புகிறது. வாசலில் வந்து நிற்பவருக்கு வீட்டார் எந்தக் குவளையில் தண்ணீர் தருகிறார்கள் என்பதை அது பார்க்கும். வகுப்பில் கேட்டதா, வாசலில் கண்டதா, எது அதன் மனத்தில் வேதமாக நிற்கும்?

வீரமாமுனிவரின் உரைநடையை மதிப்பிடும்போது நாம் வந்து சேரும் முடிவு இதுதான். மறுப்பில் அவர் வல்லவர். ஆனால் அவ்வல்லமை அவர் காலத்தோடு பெரிதும் முடிந்துவிட்டது. ஒழுக்கத்தைப் பேசும்போதும் நகைக்கும்போதும் அவர் இன்றும் நம்மோடு வாழ்கிறார். இம்மூன்றையும் ஒன்றாகப் பதிப்பித்துப் படிக்கும் ஏற்பாடு நம் மறைமாவட்டங்களில் உருவாகட்டும். படிக்கும்போது வரிசையை மட்டும் மாற்றிக்கொள்வோம். முதலில் 'பரமார்த்த குரு'. அடுத்து 'வேதியர் ஒழுக்கம்'. அதன் பின்னரே மறுப்பு நூல்கள்.

ஆண்டுதோறும் தவக்காலத்தில் நம் பங்குகளில் எண்ணிக்கை நடக்கிறது. எத்தனை குடும்பங்கள் வருகின்றன, எத்தனை போய்விட்டன என்று கணக்கிடுகிறோம். குறைந்தவர்களை எந்த ஆறு விழுங்கியது என்று தேடுகிறோம். அந்தக் கணக்கை எழுதத் தொடங்கும் முன், எழுதுகிறவர் தம் பெயரை முதல் வரியில் எழுதட்டும்.